பட்ட காலுக்குப் பக்கத்துக் கால்

(தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரின் நூலக விழாவில் பேசியது)

ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊர்ப் பஞ்சாயத்தார்களே, மைக் செட்டுக்குக் காசே வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பியே, மீன் காயப்போட்ட கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அதற்குப் பதிலாக நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒரு பெரிய நிலநடுக்கம் அடுத்ததை எப்படித் தூண்டுகிறது, அதற்குப் பிறகு தொடர்ந்து வரும் சிறு ஆட்டங்களான பின்னதிர்வுகள் எப்படி அடங்குகின்றன, அதே இடத்தில் மறுபடி எப்போது வரும்.

பட்ட காலிலே படும் என்பார்கள். பூமியின் கணக்கில் பல நேரம் பக்கத்துக் காலில் படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் தொடங்கிய பிளவு, அந்தமான் வரை சுமார் 1300 கிலோமீட்டர் ஓடியது. கிழிந்த இடத்தில் இறுக்கம் தளர்ந்தது. கிழியாமல் நின்ற தெற்கு முனையில் அது கூடியது. மறு ஆண்டு மார்ச் நடுவில் மெக்கிளாஸ்கி என்ற அறிஞரின் குழு இதைக் கணக்குப் போட்டு எச்சரித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 28 இரவு நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலநடுக்கம். 2007இல் இன்னும் தெற்கே, பெங்குலு பக்கம் 8.4. நாள் குறிக்க யாராலும் முடியாது, எந்தப் பக்கம் பாரம் ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

2004, 2005 பிளவுகள் இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் சிமலூ தீவு இருக்கிறது. முதல் நடுக்கத்தில் அதன் வடமேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்ததில் தென்கிழக்குக் கரை. பட்ட காலிலே படும்! ஆனால் கதையைக் கேளுங்கள். 1907இல் அங்கே ஒரு ஆழிப்பேரலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, பாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: "நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்காதே, குன்றுக்கு ஓடு." அவ்வளவுதான் பாடம். 2004இல் லங்கி என்ற ஊருக்கு அலை பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. சைரன் கிடையாது, டிவி கிடையாது. "ஸ்மோங், ஸ்மோங்" என்று கத்திக்கொண்டு ஊரே ஓடியது, அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஏறக்குறைய 78 ஆயிரம் பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். (கைதட்டல்)

நமக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது, அலை மட்டும் வரும். சுமத்ராவிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தத் தெரு வழியாக எங்கே போவது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

பின்னதிர்வு நாளாக நாளாகக் குறையும் என்று ஜப்பானியர் ஓமோரி 1894இலேயே சொல்லிவிட்டார், அது போதும். மூன்றாவதற்குள் ஐயா மணியைப் பார்க்கிறார். சரி, நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் அம்மா, டிசம்பர் 26 அஞ்சலி செலுத்துகிறோம், மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அந்த வாரத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஓடிப் பார்க்கும் ஒத்திகை ஒன்று வேண்டும். வருகிற கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.