நாட்டுப்பற்றுக்குச் சோதனை வீதியில்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'நாட்டுப்பற்றுக்கு உண்மையான சோதனை போர்க்களத்திலா, நம் வீதியிலா?' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எதிரணித் தலைவர், பனிமலையில் காவல் நிற்பவரோடு தெருமுனையில் நிற்பவரை ஒப்பிடுவதே பாவம் என்றார். நானும் கைதட்டினேன். தியாகம் எங்கே பெரிது என்பது தலைப்பாக இருந்தால், அவரை எதிர்த்துப் பேச நான் மேடை ஏறியிருக்கவே மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது சோதனை எங்கே என்று. 1965 போரில் பஞ்சாபின் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய ஒரு பீரங்கியை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்று மடிந்தாரே அப்துல் ஹமீது, அவருடைய பற்றை இனி யார் சோதிக்க வேண்டும்? நம் படைவீரர்கள் தேறிவிட்டார்கள், ஐயா. தேர்வு எழுத வேண்டியவர்கள் நாம்.

2025 ஏப்ரல் 22ஐ எடுத்துக்கொள்வோம். காஷ்மீரின் பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளி. வண்டி போகப் பாதை கிடையாது. நடந்தோ குதிரையிலோதான் ஏற வேண்டும். குடும்பத்தோடு போனவர்களை நிறுத்தி, என்ன மதம் என்று கேட்டு, மனைவி பிள்ளைகளின் கண்ணெதிரே ஆண்களைச் சுட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். கொல்ல வந்தவனுக்கு உயிர்தான் வேண்டும் என்றால் மதத்தைக் கேட்பானேன்? பெண்களை உயிரோடு விடுவானேன்? அவர்கள் ஊருக்குத் திரும்பி இதைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் கொதித்து, பக்கத்து வீட்டுக்காரனின் கதவை உடைக்க வேண்டும். அதுதான் அவன் போட்ட கணக்கு. குண்டு பாய்ந்தது பைசரனில், குறி வைத்ததோ நம் ஒவ்வொருவர் தெருவுக்கும்.

அந்தக் கணக்கை முதலில் பொய்யாக்கியவர்கள் யார் தெரியுமா? காஷ்மீரிகள். இறந்த 26 பேரில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், முஸ்லிம். துப்பாக்கியைப் பறிக்கப் போய்ச் சாய்ந்தார் என்று ஊரார் சொன்னார்கள். இன்னொருவர் அடிபட்ட பையனை முதுகில் சுமந்துகொண்டு மலையிறங்கி ஓடிய காணொளியை நாமெல்லாம் பார்த்தோம். மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைப்பு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலேயே அதற்கு அழைப்பு விடுத்தார்கள். ஸ்ரீநகர் நாளிதழ்களின் முதல் பக்கம் கறுப்பாக வந்தது. பயங்கரவாதத்தைக் கண்டித்து இப்படியொரு முழு அடைப்பு அங்கே பல பத்தாண்டுகளில் நடந்ததில்லை.

சரி, அதே வாரம் மற்ற ஊர்களில் என்ன நடந்தது? டேராடூனில், காஷ்மீரி மாணவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கெடு வைத்து மிரட்டினார்கள். பஞ்சாபில், விடுதிக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள் என்று மாணவர்கள் புகார் சொன்னார்கள். நம்மை நம்பிப் படிக்க வந்த பிள்ளைகள், அம்மாவுக்குப் போன் போட்டு அழுதார்கள். ஜம்மு காஷ்மீர் முதல்வர் ஒமர் அப்துல்லா, மாணவர்களின் பாதுகாப்புக்காகத் தன் அமைச்சர்களை வெளி மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த விடுதி வாசலில் நின்று 'இவன் எங்கள் பிள்ளை, தொடாதே' என்று சொல்ல எத்தனை பேர் இருந்தார்களோ, அவர்கள்தான் அன்றைய தேசபக்தர்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் ஒரு வலுவான வாதம் வைத்தார். போர்தான் நாட்டை ஒன்றாக்குகிறது, பஹல்காமுக்குப் பதிலடியாக நம் படைகள் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் நாட்களில் அதைக் கண்ணாரக் கண்டோம் என்றார். உண்மைதான். மே 7 முதல் 10 வரை கட்சி பேதம் பார்க்காமல் நாடு நின்றது. கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் ஒரே மேடையில் அமர்ந்து அந்தத் தாக்குதலை விளக்கியபோது எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்கள் நம் தரப்பைச் சொல்ல உலக நாடுகளுக்குப் போயின. சசி தரூர் ஒரு குழுவுக்குத் தலைமை, கனிமொழி ஒரு குழுவுக்குத் தலைமை. ஓவைசி, பாஜகவின் பைஜயந்த் பாண்டா தலைமையிலான குழுவில் போனார். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை, அம்மா. ஆனால் அதே நான்கு நாட்களில் ஜம்மு எல்லையோரப் பூஞ்சில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள் பூஞ்ச் நகரத்து வீடுகளில் விழுந்தன. சீக்கியர் செத்தார்கள், முஸ்லிம்கள் செத்தார்கள், குழந்தைகளும் செத்தார்கள். செத்தவர்களில் ஒருவர் மதரசா ஆசிரியர். பாகிஸ்தான் குண்டுக்குப் பலியான இந்தியக் குடிமகன். அவர் படத்தைப் போட்டு, 'பயங்கரவாதி கொல்லப்பட்டான்' என்று நம் தொலைக்காட்சிகள் சில செய்தி வாசித்தன. பூஞ்ச் காவல்துறை மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா உடல் வீட்டில் கிடக்கிறது. வெளியே நாடு அவரை எதிரி என்கிறது. எதிரி கொன்றது ஒருமுறை, நாம் கொன்றது இன்னொருமுறை. போர் தானாகவே ஒற்றுமையைக் கொண்டுவரும் என்றால், இந்த வீட்டுக்கு மட்டும் அது ஏன் வந்து சேரவில்லை?

இது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. 1962 அக்டோபரில் சீனப் படை இறங்கியபோது இரண்டு விதமான நாட்டுப்பற்றை இந்த நாடு பார்த்தது. ஒன்று நம் ஊரில். தனித் திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணா, போராட்டத்தை ஒதுக்கி வைத்தார். அவருடைய இயக்கம் போர் நிதி திரட்டியது. மறு ஆண்டு அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. யாரும் துப்பாக்கி காட்டி அவரைப் பணியவைக்கவில்லை. இந்த வீடு எனக்கும் சொந்தம் என்று தோன்றியவர் அப்படித்தான் நடந்துகொள்வார்.

இன்னொன்று அசாமில். மாக்கும் என்ற ஊரில், தேயிலைத் தோட்டக் காலத்திலிருந்து தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளி மக்கள். அசாமியப் பெண்ணைக் கட்டி, அசாமிய மொழி பேசி வாழ்ந்தவர்கள். அவர்களையும் டார்ஜிலிங், ஷில்லாங் பக்கத்து ஆட்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சண்டை ஒரு மாதத்தில் முடிந்தது. சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. திரும்பியவர்களுக்கு வீடு இல்லை, கடை இல்லை. அவர்கள் செய்த குற்றம் முகம், அவ்வளவுதான். அங்கே தோற்றது படையா? இல்லை, நாம்.

'இதெல்லாம் மனிதாபிமானம், தேசப் பாதுகாப்பு வேறு' என்று எதிரணியில் யாராவது எழுந்து சொல்லலாம். வேறு இல்லை, ஐயா. கார்கிலில் ஊடுருவல் நடப்பதை 1999 மே மாதம் முதலில் கண்டு சொன்னவர் யார்? தாஷி நம்க்யால் என்ற இடையர். காணாமல் போன தன் யாக் எருதைத் தேடி படாலிக் மலையில் ஏறியவர், அந்நிய ஆட்கள் பதுங்குகுழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு நேரே ராணுவத்திடம் ஓடினார். அதே படாலிக் பகுதியில், பீகார் ரெஜிமெண்ட் வீரர்களை முன்நின்று நடத்திய நம் திருச்சி மேஜர் சரவணன் மே 29 அன்று வீழ்ந்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையர் ஓடி வந்ததற்குக் காரணம், அந்த ராணுவம் தன்னுடையது என்று அவர் நம்பியது. எல்லையோர மனிதரைச் சந்தேகத்தோடே பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த முறை பார்த்ததைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்.

2008இல் மும்பைத் தாக்குதலில் செத்த ஒன்பது பயங்கரவாதிகளுக்கும் எங்கள் மண்ணில் குழி கிடையாது என்று மும்பையின் முஸ்லிம் அடக்கத்தலமான படா கப்ரஸ்தான் நிர்வாகம் சொன்னது. அந்த உடல்கள் ஓராண்டுக்கு மேல் பிணவறையில் கிடந்தன. எந்தச் சட்டமும் அந்த நிர்வாகத்தாரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுவும் வீதியில் தேறிய நாட்டுப்பற்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைசரன் புல்வெளியில் ஏன் காவல் இல்லை என்று கேட்டவர்களை எல்லாம் துரோகி என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்வி அது. மே 10 அன்று சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி, ஸ்ரீநகரில் பிறந்தவர். அரசின் முடிவைச் சொன்னதற்காக அவரையும், ஒரு பாவமும் அறியாத அவர் மகளையும் இணையத்தில் ஏசினார்கள். அவர் தன் கணக்கையே பூட்டி வைக்க நேர்ந்தது.

மணி அடிக்கிறது. நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்கிறேன். பைசரனில் இறந்த கடற்படை அதிகாரிக்குத் திருமணமாகி ஆறே நாள். அவருடைய பிறந்தநாளில் நடந்த ரத்ததான முகாமில் அவர் மனைவி, கண்ணீரோடு இரண்டு விஷயங்கள் சொன்னார்: முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் பாயாதீர்கள், எங்களுக்கு நீதி வேண்டும். அதற்காக அவரை வசைமழையில் நனைத்தார்கள். தேசிய மகளிர் ஆணையமே கண்டிக்கும் அளவுக்கு ஏசினார்கள். தேசியக்கொடியைத் தங்கள் படமாக வைத்துக்கொண்டு ஏசியவர்களும் உண்டு. அடுத்துப் பேச வரும் நண்பரே, இந்தப் பெண்ணைக் காக்க எந்த எல்லையில், எந்தப் பட்டாளத்தை நிறுத்துவீர்கள்? பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.