அந்த அறையில் யார் உட்காருவார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது புலன்வழிச் சிகிச்சையா, மனிதத் துணையா என்பது இன்றைய தலைப்பு. நான் மனிதத் துணையின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் வலுவான வாதம் ஒன்றை வைத்தார். மறதி நோய் முற்றியவருக்குப் பேச்சு புரியாது, பெயர்கள் நிற்காது. ஆனால் பாட்டும் வாசனையும் தொடுதலும் கடைசிவரை உள்ளே போய்ச் சேரும். அதனால் வண்ண விளக்கு, மெல்லிசை, நறுமண எண்ணெய் எல்லாம் கொண்ட ஓர் அறையை ஒவ்வோர் இல்லத்திலும் அமைத்துவிட்டால் போதும் என்றார். முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். 'போதும்' என்றாரே, அங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது.

அந்த அறை எங்கிருந்து வந்தது? 1970களில் நெதர்லாந்தில் யான் ஹுல்செக்கே, ஆட் வெர்ஹெல் என்ற இருவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இதை வளர்த்தெடுத்தார்கள். ஸ்னூசலன் என்று பெயர். குமிழ் விடும் நீர்த்தூண், ஒளி இழைகள், மெத்தை, மெல்லிய இசை. பின்னால்தான் முதியோர் இல்லங்களுக்கு வந்தது. அந்த முறையில் கூடவே ஒருவர் இருப்பார். முதியவரின் கண் எங்கே போகிறது, கை எதைத் தேடுகிறது என்று பார்த்து, அவர் போகும் வழியில் தானும் போவார். ஒருவரை உள்ளே தள்ளி, பொத்தானை அமுக்கிவிட்டு வெளியேறுவதற்குப் பெயர் சிகிச்சையே கிடையாது.

சரி, விளக்கால் வரும் பலன் எவ்வளவு, ஆளால் வரும் பலன் எவ்வளவு? 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டது. பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளில் மறதி நோயுள்ள 136 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பல்புலன் தூண்டல், அதாவது ஸ்னூசலன் போன்ற விளக்கும் இசையும். இன்னொரு குழுவில் ஒவ்வொருவரோடும் ஒருவர் உட்கார்ந்து சீட்டு விளையாடினார், புகைப்படம் பார்த்தார், வினாடி வினா நடத்தினார். நடத்தையிலோ மனநிலையிலோ நினைவாற்றலிலோ விளக்கும் கருவியும் இந்தச் சாதாரண உட்காரலைவிட அதிகப் பலன் தரவில்லை. நடுவர் அவர்களே, இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருந்தது என்ன? தன்னோடு மட்டும் நேரம் செலவிட வந்த ஒரு மனிதர்.

எதிரணியினர் உடனே 2005இல் வெளியான நெதர்லாந்து ஆய்வைக் காட்டுவார்கள். ஆறு இல்லங்களின் பன்னிரண்டு பிரிவுகளில் இதே புலன்வழி முறை நல்ல பலன் தந்தது உண்மைதான். ஒதுங்கிக் கிடந்தவர்கள் சற்றுத் துலங்கினார்கள், ஆக்ரோஷமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் அங்கே தனி அறையை நம்பி இருக்கவில்லை. அன்றாடம் குளிப்பாட்டி உடுத்திவிடும் பராமரிப்பாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். இவருக்கு எந்த வாசனை பிடிக்கும், எந்தத் துணி உறுத்தும் என்று கேட்டறிந்து, காலைப் பணிவிடைக்குள்ளேயே அதைக் கொண்டுவந்தார்கள். பணிவிடை செய்யும் கை மாறியது, பலன் வந்தது. அந்த ஆய்வை என் அணியின் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இதில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். புலன் புலன் என்கிறோமே, அந்தப் புலனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பாட்டுக்கு முகமே மாறவில்லை, இவருக்குள் ஒன்றும் போகவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். காதில் மெழுகு அடைத்திருக்கும். செவிக்கருவியின் பேட்டரி தீர்ந்து நாளாகியிருக்கும். மூக்கில் இருப்பது பக்கத்துக் கட்டில்காரரின் கண்ணாடியாக இருக்கும். 'இந்த அம்மா நேற்று ஜன்னலைப் பார்த்தாரே, இன்று ஏன் பார்க்கவில்லை' என்று கவனிக்க, நேற்றும் அவரைப் பார்த்த ஒருவர் வேண்டும்.

பாட்டும் அப்படித்தான். எந்தப் பாட்டு? இளமையில் கேட்ட பாட்டு என்றால் எல்லாம் இனிக்குமா? ஒருவருக்குக் கல்யாண நாளை நினைவூட்டும் மெட்டு, இன்னொருவருக்குப் பறிகொடுத்த பிள்ளையை நினைவூட்டலாம். அவருக்குப் பேச்சும் போய்விட்டது, நிறுத்து என்று சொல்ல முடியாது. ஹெட்போனை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால், அந்தக் கண்ணீரின் பொருளை யார் படிப்பார்கள்? எனக்கு இதை நினைத்தாலே மனசு பதறுகிறது. அவருடைய வாழ்க்கை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பாட்டு மருந்தாகும்.

'ஆளுக்கு நேரம் எங்கே, ஆள் எங்கே' என்று இரண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2018இல் வெளியான வீல்ட் என்ற ஆய்வைச் சொல்கிறேன். பிரிட்டனில் 69 இல்லங்கள், அங்கே வாழும் மறதி நோயுள்ளவர்கள். ஊழியர்களுக்கு முதியவரைத் தனி மனிதராகப் பார்க்கும் பயிற்சி. கூடவே வாரத்துக்கு ஒரு மணி நேரம் அளவில் அவருக்குப் பிடித்த பேச்சு, பிடித்த செயல். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்! ஒன்பது மாதத்தில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, பதற்றமும் அமைதியின்மையும் குறைந்தன, வழக்கமான பராமரிப்பைவிடச் செலவும் குறைந்தது. முன்னேற்றம் மிகப் பெரிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'கட்டுப்படியாகாது' என்ற வாதம் இதற்குமுன் நிற்காது.

2020இன் கொரோனா காலத்தையும் மறக்க முடியுமா? மார்ச் 20 அன்று நெதர்லாந்து முழுக்கப் பராமரிப்பு இல்லங்களுக்குள் பார்வையாளர் வரத் தடை போட்டார்கள். கட்டில் இருந்தது, உணவு வந்தது, தொலைக்காட்சி ஓடியது. வராமல் போனது மகளும் மகனும் கணவரும் மனைவியும். தனிமையும் சோர்வும் அவர்களை என்ன பாடுபடுத்தின என்பதை உலகமே பார்த்தது. மே மாதம் சோதனையாக 26 இல்லங்களை மட்டும் திறந்து, ஒருவருக்கு ஒரே ஒரு பார்வையாளரை அனுமதித்தார்கள். நேருக்கு நேர் சந்திப்புக்கு ஈடு இல்லை என்பதுதான் அங்கிருந்து வந்த செய்தி.

கடைசியாக, என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த எதிர்வாதம்: 'கருவி விட்டுப் போகாது, மனிதர் விட்டுப் போவார், பழக்கி விட்டுப் பிரிவது கொடுமை.' ஆம், கொடுமைதான். 1976இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களும், வரும் நேரத்தைத் தாங்களே முடிவு செய்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. பிறகு போய்ப் பார்த்தால், அதே முதியவர்கள்தான் சரிந்திருந்தார்கள். வருகை இவ்வளவு ஆழமாக வேலை செய்யப் போய்த்தான் அதன் முடிவு இவ்வளவு வலித்தது.

அதனால் நான் கேட்பது தொடர்ச்சி. அதே பராமரிப்பாளர் அதே முதியவரிடம் வரும்படி பணிப்பட்டியலை மாற்றுங்கள். தன்னார்வலர் வந்தால் நாளும் நேரமும் சொல்லிவிட்டு வரட்டும், நிறுத்துவதாக இருந்தால் வேறொருவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போகட்டும். இதற்கெல்லாம் ஒதுக்கிய பிறகு பணம் மிஞ்சினால், அந்த வண்ண விளக்கையும் வாங்குங்கள். அதைத் திறந்து வைக்க நானே வருகிறேன். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.