அரிக்கஞ்சட்டியும் தீப்பெட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவலத்துக்கு வடக்கே பொன்னையாற்று மணலில் உட்கார்ந்திருக்கிறோம். மகன், மருமகள், பேரன், நான். ஒன்பது வயதுப் பேரன் சல்லடையின் மேல் குனிந்தவன் நிமிரவேயில்லை. திடீரென்று கத்தினான். "ஆயா, செவப்பா ஒண்ணு கீது பாரு!"

பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஈர விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே மாதுளை முத்தின் சிவப்பு. அது கார்னெட். அந்தப் பெயரே மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நவரத்தினத்தில் கோமேதகம் என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இதே கார்னெட் குடும்பம். எங்கள் ஆற்றில் கிடைப்பது இரும்புச்சத்து மிகுந்த சிவப்பு வகை. கடையில் கொடுத்தால் காலணா பெறாது. ஆனால் அன்று முழுக்க அவன் அந்தக் கையை மூடியே வைத்திருந்தான்.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். கல் பொறுக்குவது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். வேலூர்ப் பக்கம் வேறு சில குடும்பங்களும் இதில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் முதல் கருவி என் ஆயாவின் அரிக்கஞ்சட்டி. இப்போது கல் நீக்கிய அரிசி பையில் வருகிறது. அதனால் இளையவர்கள் பலர் இந்தச் சட்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மண்சட்டிதான், உட்புறம் வளையம் வளையமாக வரி ஓடும். அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, இடுப்பளவில் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்கு ஓடிவிடும். கல் வரிக்குள் மாட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஆரணி அரிசி ஒரு படியை என் ஆயா பேசிக்கொண்டே அரித்து முடிப்பாள். ஒரு கல் தப்பாது.

அமெரிக்காவில் தங்கம் அரிக்கும் தட்டின் உட்புறத்திலும் இதே மாதிரி வரிகள் உண்டு. நம் ஊர்ப் பொற்கொல்லர் தெருக்களில் குப்பை மண்ணைக் கூட்டி அள்ளிப் பொன்தூள் அரிப்பவர்கள் கையிலும் இதே சுழற்சிதான். அடுக்களையில் கல்லைத் தள்ளி அரிசியை வைத்துக்கொள்கிறோம். ஆற்றில் லேசானதை ஓடவிட்டுக் கனமானதை வைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீர் எதற்கு, காய்ந்த மணலையே முறத்தில் புடைத்தால் என்ன என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65. கார்னெட் ஏறக்குறைய 4. கைக்கு அந்த வேற்றுமை தெரியாது. இரண்டையும் தண்ணீருக்குள் போடுங்கள். மூழ்கிய பொருளின் எடையில் அது விலக்கிய தண்ணீரின் எடை குறைந்துவிடும் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னது இங்கே வேலை செய்கிறது. குவார்ட்ஸ் 1.65 ஆகிறது, கார்னெட் 3 ஆகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் ஒரு சுழற்றில் வெள்ளை மணல் மேலே போகிறது, கறுப்பும் சிவப்பும் அடியில் பிறைநிலா போல் படிகிறது.

அந்தக் கறுப்பு என்ன? பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கறுப்பில் பெரும்பகுதி முள்முள்ளாக எழுந்து வந்து ஒட்டும். அது மேக்னடைட், இரும்புத்தாது, அடர்த்தி 5.2. சிறுவயதில் மணலில் காந்தத்தை இழுத்து இரும்புத்தூள் சேர்க்காத பிள்ளை உண்டா? அந்த விளையாட்டின் அடுத்த வகுப்புதான் இது. காந்தம் கறுப்பை எடுத்துக்கொண்டு போனபிறகு தட்டில் மிஞ்சுவதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிவப்பு ஒளிந்திருக்கும்.

கார்னெட் கிடைக்காத நாளும் வெறும் நாளாகப் போகாது. காக்காப்பொன், அதாவது மைக்கா, கிடைக்கும்; நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். வெங்கச்சங்கல், அதாவது கட்டியாக இருக்கும் குவார்ட்ஸ், எங்கும் கிடைக்கும். கைப்பிடியளவு உள்ள இரண்டை வீட்டுக்கு எடுத்து வந்து, இரவில் விளக்கை அணைத்து, போர்வைக்குள் வைத்து அழுத்தித் தேயுங்கள். கல்லுக்குள்ளிருந்து மஞ்சளாக ஓர் ஒளி வரும். தேய்த்த இடத்தை முகர்ந்தால் கருகிய வாடை அடிக்கும். முதல் தடவை பார்த்தபோது என் மருமகள் "அத்தை, இன்னொரு வாட்டி" என்று நள்ளிரவு வரை விடவில்லை.

பொன்னையில் பொன் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் இங்கிருந்து மேற்கே போனால் கோலார். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற இராணுவ அதிகாரி, பொன் இருப்பதாக ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சன்மானம் அறிவித்தார். கிராமத்து மக்கள் மண்ணை வண்டியில் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அரித்துப் பொன்தூள் காட்டினார்கள். சுரங்கமும் எந்திரமும் பிறகு வந்தவை. 2001-இல் அந்தச் சுரங்கத்தை மூடியும் விட்டார்கள். முதலில் காட்டியது மண் அரிக்கத் தெரிந்த கைகள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு என் ஆயாவின் கை நினைவுக்கு வரும்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். இது தோண்டும் வேலை இல்லை. அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டி எடுப்பது 1957-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படியும், 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படியும் குற்றம். பாலாற்றை மணலுக்காகச் சுரண்டி என்ன கதிக்கு ஆளாக்கினோம் என்பது ஆற்காட்டிலும் ஆம்பூரிலும் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எங்கள் பையில் மண்வெட்டியோ கடப்பாறையோ கிடையாது. மேலே கிடக்கும் பருக்கை மணலை அங்கேயே சலித்து அங்கேயே கொட்டிவிடுவோம். பட்டா நிலமென்றால் உரியவரிடம் கேட்காமல் கால் வைக்க மாட்டோம். காப்புக்காட்டிலும் கல்குவாரியிலும் நுழையவே மாட்டோம். எதிலாவது சந்தேகம் வந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கனிமவளத் துறையினரிடம் கேளுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மணல் அள்ளிய பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும். உள்ளே இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கரை மணல் காலடியிலேயே சரியும். 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று பார்த்தோம். மேலே சித்தூர்ப் பக்கம் மழை என்றால் எங்கள் வீட்டில் ஆற்றுப் பேச்சே எடுக்க மாட்டோம். தை, மாசி, பங்குனி, அதுவும் காலை வேளை. அதுதான் எங்கள் காலம்.

வெளிநாடுகளில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அர்கான்சாஸ் மாநிலத்தில் ஒரு வைர வயல் இருக்கிறது. 37 ஏக்கர். 1972 முதல் அது மாநிலப் பூங்கா. கட்டணம் கட்டி உள்ளே போகும் குடும்பம் எதைக் கண்டெடுத்தாலும் அது அவர்களுக்கே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீலக்கல் தேடக் குடும்பத்துக்கே ஓர் உரிமம் கொடுக்கிறார்கள். கைக்கருவி மட்டும்தான் அனுமதி. நம் பக்கத்திலேயே அனந்தப்பூர் மாவட்டம் வஜ்ரகரூரிலும் கர்நூல் பக்கம் ஜொன்னகிரியிலும், முதல் மழை நிலத்தைக் கழுவிவிட்ட ஜூன் மாதத்தில் குடும்பம் குடும்பமாக வயலில் குனிந்து வைரம் தேடுகிறார்கள். அங்கே பலருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, கடன் அடையுமா என்ற ஏக்கம். அந்த ஏக்கத்தோடு நம் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சில சுற்றுலா இடங்களில் வாளியில் மண் விற்கிறார்கள். குழந்தை அரித்துப் பார்த்து ஏமாறக் கூடாதென்று வேறு எங்கிருந்தோ வாங்கிய கல்லை முன்கூட்டியே உள்ளே கலந்துவிடுவதும் உண்டு. குழந்தை சிரிக்கும், சரிதான். ஆனால் அந்தக் கல் எந்த மலையிலிருந்து உடைந்தது, எந்த ஆறு உருட்டியது? கேட்டால் பதில் இருக்காது. எனக்கு அது பெரிய குறை.

ஏனென்றால் அந்தக் குறையை நானே பட்டிருக்கிறேன். ஒரு பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடித்தோம். பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கும்போது என் கை வழுக்கிவிட்டது. நாற்பது கற்களுக்கு மேல். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு வைத்திருந்தேன். கல் ஒருபக்கம், சீட்டு ஒருபக்கம் தரையெங்கும் சிதறின. ஏலகிரி அடிவாரத்தில் ஒருவர் கொல்லையில் கேட்டு வாங்கியது எது, மேல்பாடிக்குக் கோயில் பார்க்கப் போனபோது ஆற்றில் எடுத்தது எது, ஒன்றும் பிரிக்க முடியவில்லை. கல் அதே கல்தான். ஆனால் ஊர் போய்விட்டது. இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் தீப்பெட்டிக்கு வந்தோம். குடியாத்தம் பக்கத்து உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்து வெற்றுப் பெட்டிகள் வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு கல்லுக்கு ஒரு பெட்டி. உள்பெட்டியின் அடியில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் பரவிவிடும். என்ன கல் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, அதைப் பிறகு கண்டுபிடிக்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் பாறை மாதிரிகள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பதை மட்டும் அன்றே, ஆற்றங்கரையிலேயே எழுதிவிட வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியபோது அதன் முதல் சொத்து 1100 பாறை, கனிம மாதிரிகள்தாம். எங்கே எடுத்தது என்ற குறிப்பில்லாமல் அவற்றை வைத்து யார் என்ன படித்திருக்க முடியும்?

எங்கள் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே மங்கலான வெங்கச்சங்கல், ஓரம் உடைந்தது. அடியில் என் கணவரின் கையெழுத்து: பொன்னையாறு, பாலத்துக்கு மேலே, மாட்டுப் பொங்கல், காலை 7 மணி. அவர் போய் ஆறு வருடமாகிறது. பேரன் அந்தப் பெட்டியைத் திறந்து படித்துவிட்டு, "தாத்தா ஏன் ஆயா இதைப் போய் எடுத்தாரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

போன மாசியில் கிடைத்த அந்தச் சிவப்பை அவனே பெட்டியில் போட்டான். பஞ்சு வைத்தான். ஊர் எழுதினான், தேதி எழுதினான். யார் எடுத்தது என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'ஆயா கூட' என்று எழுதி மூடினான்.

வணக்கம்.