எம்எக்ஸ்-5 வளைவுல சாயுதா? தடிச்ச பார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. பின்னாடி லிஃப்ட்ல நிக்கிறது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989ல அறிமுகமான வண்டி. எடை ஒரு டன்னுக்கும் கம்மி, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம் பிடிச்சிருக்கும். திருப்பினா நல்லாவே சாயும். அதைக் குறைக்கணும்னு சொன்னதும் எல்லாரும் நேரா போய் நிக்கிறது ரெண்டு இடம்: தடிச்ச ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைச்சு, முறுக்கிக்கிட்டு சாய்வைத் தடுக்குற கம்பி), இல்லேன்னா வண்டியைத் தரையோட தரையா இறக்குறது. ரெண்டையும் தப்பா பண்ணினா வண்டி சாயாது, ஆனா பிடிமானம் போயிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆளோட சேர்த்து 1000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மி.மீ., ரெண்டு டயருக்கும் நடுவுல 1410 மி.மீ.னு வச்சுக்கோங்க. 0.9 ஜி பக்கவாட்டு முடுக்கத்துல, அதாவது வண்டி எடையில 0.9 பங்கு விசை பக்கவாட்டுல தள்ளுற மாதிரி வளைஞ்சா, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுற பாரம் 0.9 × 1000 × 450 ÷ 1410, அதாவது 287 கிலோ. இந்தக் கணக்குல ஸ்பிரிங்கும் இல்ல, பாரும் இல்ல, கவனிச்சீங்களா? வண்டி துளிகூட சாயாம கல்லு மாதிரி இருந்தாலும் இந்த 287 கிலோ மாறத்தான் செய்யும். 4 டிகிரி சாயுறதால ஈர்ப்பு மையம் ஒரு 28 மி.மீ. வெளிப்பக்கம் நகரும், அதனால கூடுதலா ஏறுறது வெறும் 20 கிலோ. அதனால "சாய்வு குறைஞ்சா பாரம் மாறாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்போ சாய்வால என்னதான் கெடுதல்? ரெண்டு விஷயம். ஒண்ணு, பாடியோட சேர்ந்து வெளிப்பக்க டயரும் சாஞ்சு, அதோட வெளி விளிம்புல நிக்கும், கேம்பர், அதாவது முன்னாடியிருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கற கோணம், கெட்டுப்போயிடும். டபுள் விஷ்போன் இதுல ஒரு பங்கைத் தானே சரிக்கட்டும். மேல் ஆர்ம் இல்லாம ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்குற ஸ்ட்ரட் வச்ச வண்டியில அந்த உதவி ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, எஸ் வளைவுல ஒரு பக்கம் சாஞ்ச வண்டி மறுபக்கம் வந்து உக்காரவே நேரம் எடுக்கும்.

இந்த ரெண்டாவது பிரச்சினைக்கு மருந்து டேம்பர், அதாங்க ஷாக் அப்சார்பர். நீளமான ஒரே வளைவுல வண்டி சாஞ்சு நிலைச்சதுக்கப்புறம் டேம்பர் ராடு நகரவே நகராது. நகராத டேம்பருக்கு வேலையே இல்ல. எவ்வளவு சாயுதுங்கறதை ஸ்பிரிங்கும் பாரும் முடிவு பண்ணும். எவ்வளவு வேகமா சாயுதுங்கறது மட்டும்தான் டேம்பர் கையில. பழைய வண்டியில கடல்ல படகு போற மாதிரி ஆடினா முதல் சந்தேகம் செத்துப்போன ஷாக் மேலதான் வரணும், பார் மேல இல்ல.

காசு செலவழிக்குறதுக்கு முன்னாடி கீழ போய்ப் பாருங்க. பாரைப் பிடிச்சிருக்கற ரப்பர் புஷ் விரிஞ்சிருக்கா, பார் முனையை சஸ்பென்ஷனோட இணைக்கிற எண்ட் லிங்க்கோட பால் ஜாயின்ட் லூஸா இருக்கா, கையால ஆட்டினா "டக் டக்"னு சத்தம் வருதா. புஷ்ல 2 மி.மீ. இடைவெளி இருந்தாலே அந்த அளவு நகர்ந்து முடியற வரைக்கும் பார் வேலையே செய்யாது. அடுத்தது அலைன்மென்ட். இந்த வண்டியில நாலு மூலையிலயும் கீழ் ஆர்ம்ல எக்சென்ட்ரிக் போல்ட் (மையம் விலகின போல்ட், திருப்பினா ஆர்ம் நகரும்) இருக்கு, அதைத் திருப்பியே கேம்பர் வைக்கலாம். தெரு ஓட்டத்துக்கு முன்னாடி மைனஸ் 1.5 டிகிரி போதும். முன் டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு) பூஜ்யம், பின்னாடி மிகச் சின்ன டோ-இன், அதாவது சக்கரத்தோட முன்விளிம்பு லேசா உள்பக்கம். அந்த போல்ட் துருப்பிடிச்சு உள் ஸ்லீவோட ஒட்டியிருக்கறது சகஜம். முந்தின நாளே துரு நீக்கி எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க, இல்லேன்னா புஷ்ஷையே முறுக்கிக் கிழிச்சிடுவீங்க.

இப்ப பாருக்கு வருவோம். பாரோட விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 19 மி.மீ.ல இருந்து 22க்குப் போனா தடிமன் 16 சதவீதம்தான் கூடுது, விறைப்பு 1.8 மடங்கு ஆயிடுது. அதனால ஒரு மில்லிமீட்டரைக்கூட அலட்சியமா பேசாதீங்க. உங்க வண்டியில இருக்கற பாரை வெர்னியர் வச்சு அளந்துட்டு வாங்கப் போங்க. உள்ள கூடான பாரும் நல்ல சரக்குதான். 25 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. சுவர்னா, கெட்டிப் பாரோட விறைப்புல ஏறக்குறைய 80 சதவீதம் கிடைக்கும், எடை பாதிக்குக் கொஞ்சம் மேலதான்.

எந்தப் பக்கம் மாத்துறது? ரெண்டு பேர் சேர்ந்து பாரம் தூக்கறப்போ ஒருத்தன் விறைப்பா நின்னா சுமை அவன் தோள்லதான் ஏறும். இங்கயும் அதே கதை. முன்பக்கம் விறைப்பானா அந்த 287 கிலோவுல பெரும்பங்கு முன் டயர்கள் வழியா மாறும். அங்க வெளி டயருக்கு ஏறுற பிடிமானம், உள் டயர் இழக்கறதை ஈடு கட்டாது. அதனால முன்பக்கம் கொஞ்சம் வெளிய தள்ளும், அதாவது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் மட்டும் விறைப்பாக்கினா? உள்பக்கப் பின் சக்கரம் லேசாயிடும், சில சமயம் தரையை விட்டே எழும்பும். ஓபன் டிஃபரன்ஷியல் (லேசான சக்கரத்தைச் சுத்த விட்டுடற சாதா வகை) இருந்தா வளைவு முடிஞ்சு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது அந்தச் சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. மழையில இன்னும் மோசம், பின்பக்கம் சட்டுனு வெட்டும். பின் சக்கர இழுவை உள்ள இந்த வண்டிக்கு என் தீர்ப்பு: முன் பாரை மாத்துங்க, பின் பாரைத் தொடாதீங்க. அதிகமா அண்டர்ஸ்டியர் வந்தா முன் கேம்பரை இன்னும் கொஞ்சம் மைனஸ் பக்கம் வைங்க. அதுக்கும் மசியலேன்னா மட்டும் பின்பக்கம் ஒரு படி ஏத்துங்க.

மாட்டும்போது ரெண்டு பக்கச் சக்கரமும் ஒரே உயரத்துல தொங்கணும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக் போட்டுத் தூக்கினா பார் முறுக்கிக்கிட்டு நிக்கும், லிங்க் போல்ட் வெடுக்குனு தெறிக்கும். பாலியூரித்தேன் புஷ்னா சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. ரப்பர் புஷ்ல பெட்ரோலியம் கிரீஸ் பட்டா உப்பிடும். பிராக்கெட்டை மாட்டினதும், லிங்க் போடறதுக்கு முன்னாடி, பாரைக் கையால தூக்கி இறக்கிப் பாருங்க. ஒரு கையிலேயே சுத்தணும். இறுகினா பிராக்கெட் கோணல், இல்ல புஷ் அளவு தப்பு. பக்கவாட்டுல நகராம இருக்க புஷ்ஷை ஒட்டி லாக் காலர் போடுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு ஓரத்துக்கும் முழுசா திருப்பி, பார், சக்கரத்தைத் திருப்புற டை ராடுல உரசுதான்னு பாருங்க. ரொம்பத் தடிச்ச பார் போட்டா இந்த மாடல்ல முன் பிராக்கெட் மாட்டற இடமே வளைஞ்சு கிழியறது உண்டு. வலுவூட்டின பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்கிடுங்க.

கடைசி லிங்க்கை மட்டும் வண்டியைத் தரையில இறக்கி, டிரைவர் சீட்ல ஆள் எடைக்கு மூட்டை வச்சதுக்கப்புறம் மாட்டுங்க. போல்ட் தானா ஓட்டைக்குள்ள வழுக்கிப் போகணும். தட்டித்தான் ஏத்தணும்னா லிங்க் நீளம் சரியில்ல. அட்ஜஸ்டபிள் லிங்க் அதுக்குத்தான். அப்படியே விட்டா இடது வளைவுல ஒரு குணம், வலது வளைவுல ஒரு குணம்னு வண்டி நடந்துக்கும்.

பாரோட ரெண்டு ஓரத்துலயும் வளைஞ்சு நீளுற கையில ரெண்டு மூணு ஓட்டை இருக்கும். லிங்க்கைப் பாரோட நடுப்பகுதிக்குக் கிட்டக்க மாட்டினா விறைப்பு கூடும்: 220 மி.மீ. கை 200 ஆனா 21 சதவீதம். முதல்ல மெத்துன்னு இருக்கற ஓட்டையில தொடங்குங்க.

வண்டியை இறக்குறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தத் தலைமுறையில ஷாக் நகரவே இடம் குறைவு, பின்பக்கம் இன்னும் குறைவு. 40 மி.மீ. இறக்கிட்டீங்கன்னா வளைவு நடுவுல ஒரு பள்ளம் வந்தாலே பம்ப் ஸ்டாப்ல, அதாவது ஷாக் அமுங்கி முடியற இடத்துல இருக்கற தடையில, போய் இடிக்கும். அந்த நொடியில ஸ்பிரிங் கல்லாயிடும், டயர் வழுக்கும். 20, 25 மி.மீ.யோட நிறுத்திக்கோங்க. டொயோட்டா ஜிடி86 மாதிரி முன்னாடி ஸ்ட்ரட் வச்ச வண்டியில இன்னொரு கூத்து: இறக்க இறக்க ஈர்ப்பு மையத்தை விட ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அது) வேகமா கீழ போகும், அதனால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற, சாய வைக்கிற நெம்புகோல் நீளமாயிடும். ஸ்பிரிங்கை விறைப்பாக்காம இறக்கினா வண்டி முன்னைவிட அதிகமாவே சாயலாம்.

இன்னொரு சுவாரசியம், 2022 மாடல் எம்எக்ஸ்-5ல மாஸ்டா எந்தப் பாரையும் தடிமனாக்காம உள்பக்கப் பின் சக்கரத்துக்கு மட்டும் லேசா பிரேக் கொடுத்து, அந்த மூலை எழும்பாம கீழ இழுத்துப் பிடிக்கிற ஏற்பாடு பண்ணியிருக்காங்க. பின் சஸ்பென்ஷனோட வடிவமே அந்த வேலையைச் செய்யுது. அழகான மூளை வேலை!

சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். டேம்பர் ராடுல தூசி உறையைத் தூக்கிட்டு ஒரு கேபிள் டை மாட்டி, ஷாக் பாடியை ஒட்டி இறக்கி வைங்க. ஓட்டிட்டு வந்து அது எவ்வளவு மேல ஏறியிருக்குன்னு அளந்தா எத்தனை மி.மீ. அமுங்கிச்சுன்னு தெரியும். பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தா பாரைப் பத்தி யோசிக்காதீங்க, உயரத்தையும் ஸ்பிரிங்கையும் பாருங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே வளைவு, அதே வேகம், சூடான டயர்ல அதே காற்றழுத்தம். 100 கி.மீ. ஓடினதும் பிராக்கெட் போல்ட்டையும் லிங்க் நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வச்சுப் பாருங்க; எவ்வளவு முறுக்குங்கறது சர்வீஸ் மேனுவல்ல இருக்கு.