கடனுக்கு இல்லை

(ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழக ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விழுங்கிவிட்ட ஓரிரு சொற்களை மட்டும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் பாட்டைச் சிரமமாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, எனக்குப் பின்னால் பேசக் காத்திருக்கும் மனநல மருத்துவர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து "இவர் எப்போது முடிப்பார்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களை எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே அவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் நாம் எல்லோரும்தான் தாமதம், அவர் சரியாக வந்து காலி நாற்காலிகளுக்குத் தலைமை வகித்துக்கொண்டிருந்தார். தாளாளர் அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது, "ஐயா, நீங்கள் கட்டாயம் வரணும், ஆனா சுருக்கமாப் பேசணும்" என்றார்கள். முதல் பாதியை நிறைவேற்றிவிட்டேன். வரவேற்புரை சொன்ன ஆசிரியை என்னைக் கல்விச் சிந்தனையாளர் என்று சொல்லிவிட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

அழைப்பிதழில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "படைப்பாற்றல், பரிவு, மாணவர் நலம்". மூன்றையும் தனித்தனியாகப் பேச உத்தேசம். நான்காவதாக ஆசிரியர்களின் மனநலம் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வேன். அதைத்தான் எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் எங்கே தொடங்கினாலும் ஒரே பழமொழியில்தான் வந்து நிற்பேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். பள்ளிக்கூடங்களில் இன்று சித்திரத்துக்குப் பஞ்சமில்லை. படைப்பாற்றல் வாரம், கண்டுபிடிப்புக் கண்காட்சி, கவிதைப் போட்டி, கோப்பை, சான்றிதழ், புகைப்படம். நல்லதுதான். ஆனால் சுவர் எப்படி இருக்கிறது என்று யார் தட்டிப் பார்க்கிறோம்? பிள்ளையின் உடம்பு, மனசு, தூக்கம், நண்பர்களோடு ஓடி ஆடுகிற நேரம், இதுதானே சுவர்?

முதலில் படைப்பாற்றல். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளியில் படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம், "படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்திடம் எதுவும் சொல்லவில்லை. வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் அதே வண்ணப் பேனாக்களை மேசையில் சும்மா வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த குழந்தைகள், மற்ற இரண்டு கூட்டத்தாரும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசை இருந்த பிள்ளைகள்! "இப்போ பரிசு உண்டா?" என்று பேனா பிடித்த விரல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. பின்னால் இத்தனை கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கும்போது அப்படிச் சொன்னால் தாளாளர் அம்மா அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிட மாட்டார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய கூட்டத்துக்கு ஆசை குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். நான் சொல்ல வருவது வேறு. யாரும் மதிப்பெண் போடாத, யாரும் எட்டிப் பார்க்காத கொஞ்ச நேரம் பிள்ளைக்கு வேண்டும். அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா என்றால், கால அட்டவணையில் இருக்கிறது. விளையாட்டு என்றும் ஓவியம் என்றும் நூலகம் என்றும் கட்டம் கட்டி எழுதித்தான் வைத்திருக்கிறோம். அப்புறம் யார் அதை எடுத்துக்கொண்டு போனது?

நான்தான். குற்றவாளி உங்கள் முன்னால் மைக் பிடித்து நிற்கிறேன்.

அப்போது எட்டாம் வகுப்புக்கு நான் கணக்கு. அந்த வகுப்புக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பீரியட். உடற்கல்வி ஆசிரியர் சாது மனிதர். ஓய்வறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சார், போர்ஷன் அப்படியே நிக்குது. இன்னிக்கு ஒரே ஒரு பீரியட்" என்பேன். அவர் ஒன்றும் பேச மாட்டார். கழுத்தில் தொங்குகிற விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். சரி என்று அர்த்தம். நான் சாக்பீஸோடு வகுப்புக்குள் நுழைவேன். ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்ட பிள்ளைகள் திரும்பிப் போய் உட்காருவார்கள். நாற்பது பேர் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பழகியும் விட்டது. வாத்தியார்களுக்கு எல்லாம் பழகிவிடும்.

ஒரு நாள் அப்படிக் கடன் வாங்கிய பீரியடில் தனிவட்டி நடத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் குனிந்து ரஃப் நோட்டில் ஏதோ எழுதுகிறான். முந்தைய தேர்வில் என் பாடத்தில் நூற்றுக்கு 19 வாங்கியவன். எனக்கு எரிச்சல். "எழுந்திருடா. என்ன எழுதறயோ அதை சத்தமாப் படி" என்றேன். அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன், இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவன் எழுந்தான். "சார் கடன் கணக்கு" என்று படித்தான். வகுப்பு கப்சிப். "முதல் மாசம் வாங்கினது 4 பீரியட். ரெண்டாம் மாசம் 6. மூணாம் மாசம் 5. நாலாம் மாசம் 7..." அங்கே நின்றுவிட்டான்.

"ஏன் நின்னுட்ட? படி."

"வேணாம் சார்."

நான் விடுவேனா? கடைசி பெஞ்சு வரைக்கும் போய் நோட்டைப் பிடுங்கினேன். நாலாம் மாதத்துக்கு எதிரே 7 என்று எழுதி, அதை அடித்து 4 என்று போட்டிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "சார் அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. லீவு போட்டதுக்கு ஈடு கட்ட எடுத்தது. 3 தள்ளுபடி."

என் தாயார் அந்த மாதம் மருத்துவமனையில் இருந்தது உண்மை. வகுப்பில் நான் வாய் திறந்ததில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோட்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினேன். வேறு எங்கே திரும்புவது, முகத்தை யாரும் பார்க்கக் கூடாதே. சரி, கணக்கையாவது சரிபார்ப்போம் என்று சாக்பீஸை எடுத்தேன். தள்ளுபடி போக அசல் 23. மாதத்துக்குப் பத்துக்கு ஒன்று வட்டி என்று அவனே நிர்ணயம் செய்திருந்தான். முதல் மாதத்து 4-க்கு நான்கு மாத வட்டி 1.6. அடுத்த மாதத்து 6-க்கு மூன்று மாதத்துக்கு 1.8. மூன்றாம் மாதத்து 5-க்கு இரண்டு மாதத்துக்கு 1. நான்காம் மாதத்து 4-க்கு ஒரு மாதத்துக்கு 0.4. நடப்பு மாதத்தில் எடுத்த 4-க்கு வட்டி போடவில்லை, நியாயஸ்தன். கூட்டினால் வட்டி 4.8. அசலும் வட்டியும் 27.8. அவன் நோட்டிலும் அதேதான். 19 மார்க் பையன், ஒரு புள்ளி பிசகவில்லை!

"0.8 பீரியட் எப்படிடா விளையாடுவீங்க?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கம்மியது.

"முழுசாக்கி 28 குடுத்துடுங்க சார்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லன்னா பரவால்ல சார், 27 போதும்" என்றான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் என் கணக்குப் பீரியடிலிருந்து 21 திருப்பிக் கொடுத்தேன். 7 இன்னும் பாக்கி. விசில் மறுபடி உடற்கல்வி ஆசிரியர் கழுத்துக்கு வந்தது. அதனால் எல்லோரும் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினார்களா என்று கேட்காதீர்கள். இப்படிக் கதை சொல்கிறவர்கள் கடைசியில் அப்படி ஒரு வெற்றியைச் சொருகுவார்கள், எனக்கு அது பிடிக்காது. அந்தப் பையன் 19-லிருந்து 34-க்கு வந்தான். தேர்ச்சிக்கு ஒன்று குறைவு. ஆனால் படைப்பாற்றல் எது, பரிவு எது என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்களே, இரண்டும் ஒரே ரஃப் நோட்டில், ஒரே பக்கத்தில் இருந்தன. நான் அதைப் பிடுங்கித்தான் பார்த்தேன்.

சுவரை வைத்துத்தான் சித்திரம். நாமோ சுவரிலிருந்து செங்கல்லை உருவி வண்ணம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இது என் ஒருவனுடைய புலம்பல் இல்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. சலுகை என்று சொல்லவில்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடல் நன்றாக இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2013-இல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது: தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளை விளையாட்டைப் பறிக்கக் கூடாது என்று. படிப்புக்காகக் கூட! "வீட்டுப்பாடம் முடிக்காதவன் வெளியே போகக் கூடாது" என்று சொல்கிற ஆசிரியர்கள் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார முடியாமல் தவிக்கிற பிள்ளைதான் பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை. அவனையே உட்கார வைக்கிறோம். கல்வி பற்றிய மேடை என்றால் பின்லாந்து வந்தே தீரும், நானும் விலக்கில்லை. அங்கே 45 நிமிடம் பாடம், 15 நிமிடம் இடைவேளை என்பது நெடுநாள் வழக்கம். அந்தப் பதினைந்தை அங்கே யாரும் போய் இரவல் கேட்பதில்லை.

இரண்டாவது பரிவு. இதற்குத் தனி வகுப்பு வைக்கிறார்கள் இப்போது, சுவரொட்டி ஒட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்று வினாடி போதும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரே வினாடி. அதற்குள் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறோம், அல்லது பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. திக்கிப் பேசுகிற பிள்ளையை வைத்து நினைத்துப் பாருங்கள். அவனுக்கு அந்த இரண்டு வினாடி கூடுதல் எவ்வளவு பெரிய...

சீட்டு வந்துவிட்டது. "நேரம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் கையெழுத்து அழகு.

மூன்றாவது மாணவர் நலம். 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். அதற்குமேல் அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை, அம்மையார் பேசுவார்கள். நான்காவதாகச் சொன்ன ஆசிரியர்களின் மனநலத்துக்கு நேரம் இல்லை, இந்த மேடையிலும் அது பேசப்படாமலே போகிறது.

போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் நூறு அட்டைகள் இருக்கின்றன. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: "இந்தப் பீரியட் கடனுக்கு இல்லை." கால அட்டவணையில் விளையாட்டு, ஓவியம், நூலகம் ஆகிய மூன்று கட்டங்களின் மேல் ஒட்ட வேண்டும். தலைமையாசிரியர் அவர்கள் முதல் அட்டையை இந்த மேடையிலேயே வாங்கிக்கொண்டால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். தாளாளர் அம்மா தலையாட்டுகிறார்கள், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர்களே, வீட்டுக்குப் போனதும் "இன்னிக்கு டெஸ்ட்ல எவ்வளவு?" என்பதோடு, "இன்னிக்கு விளையாட விட்டாங்களா?" என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மறுநாள் பள்ளிக்கு வந்து மரியாதையாக விசாரியுங்கள். மதிப்பெண் குறைந்தால் வருகிறீர்கள்தானே?

எனக்குக் கொடுத்தது 10 நிமிடம். கடிகாரம் 18 காட்டுகிறது. மீதி 8 நிமிடத்தை மருத்துவர் அம்மையாரைக் கேட்காமலே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டேன். பழைய புத்தி. முன்வரிசையில் யாராவது நோட்டும் பேனாவும் வைத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, பத்துக்கு ஒன்று வட்டி. நன்றி, வணக்கம்.