பன்னிரண்டு பேரும் ஒரு நகரமும்

வணக்கம் நேயர்களே.

பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப்பார்க்கக் கிளம்புகிறோம். ஒருவருக்கு அருங்காட்சியகம், ஒருவருக்குக் கடைத்தெரு, இன்னொருவருக்கு ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்தாலே போதும். எங்கே போகலாம் என்று பொதுவில் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுவானாலும் சரி" என்பார்கள். இந்தப் பதிலை நம்பித் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974-இல் தன் வீட்டுக் கதை ஒன்றை எழுதினார். டெக்சாஸில் கொளுத்தும் வெயில். வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நால்வரில் மாமனார், "அபிலீன் போய்ச் சாப்பிட்டு வரலாமா?" என்றார். மனைவி சரி என்றார், மாப்பிள்ளை சரி என்றார், மாமியாரும் சரி. ஏசி இல்லாத காரில் ஐம்பது மைலுக்கு மேல் புழுதியில் போய், வாயில் வைக்க முடியாத சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. நால்வரில் ஒருவருக்குமே போக விருப்பமில்லை. கேட்ட மாமனாருக்கும்தான்!

சரி, ஓட்டெடுப்பு நடத்தலாமே என்பீர்கள். அதிலுள்ள வில்லங்கத்தை பிரான்சின் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-லேயே எழுதிவிட்டார். மூன்று பேர் இருக்கிறார்கள். அருங்காட்சியகமா பூங்காவா என்றால் இருவர் அருங்காட்சியகம் என்கிறார்கள். பூங்காவா கடைத்தெருவா என்றால் இருவர் பூங்கா. கடைத்தெருவா அருங்காட்சியகமா என்றால் இருவர் கடைத்தெரு! செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்கிறேன். "எதைப் பார்க்காமல் திரும்பினால் உங்களுக்கு மனசு ஆறாது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்." பன்னிரண்டு பேரைக் கேட்டாலும் பட்டியல் ஆறேழைத் தாண்டுவதில்லை. பிறகு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒரே வேளையில் சேர்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால் விடுமுறை நாளைப் பாருங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும், ஓர்சே திங்களன்று. தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினோரு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை.

காலையில் சேர்ந்து போவோம், மதியத்துக்கு மேல் அவரவர் பாடு. பிரிய விட்டால்தான் சண்டை வராது. ஆனால் திரும்பக் கூடும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை "மணிக்கூண்டுக்குக் கீழே" என்றுதான் சொன்னேன். மணிக்கூண்டுக்கு நாலு பக்கம் உண்டு. ஐந்து பேர் கிழக்கே, ஏழு பேர் மேற்கே, முக்கால் மணி நேரம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றோம். டாக்ஸிக்கும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்: ஒரு வண்டிக்கு நாலு பேர் என்றால், ஒன்பதாவது ஆளுக்காக மூன்றாவது வண்டி பிடிக்க வேண்டும்.

எப்போதும் "எதுவானாலும் சரி" என்கிற நண்பர் ஒருவர். போன தடவை தனியாகக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார்: "மெட்ரோ ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு அப்படியே திரும்பி வரணும்." அன்று மதியம் அவரோடு நாலு பேர் கிளம்பினோம். ஜன்னலோர இருக்கையை அவருக்கே விட்டுக்கொடுத்தோம்.

நன்றி, வணக்கம்.