குழாயும் சாலையும்: தென்சூடானின் வணிகச் சிக்கல்

அவையோருக்கு வணக்கம்.

2011 ஜூலை 9 அன்று தென்சூடான் தனி நாடானபோது, பழைய சூடானின் எண்ணெய் உற்பத்தியில் முக்கால்வாசி அதன் பங்குக்கு வந்தது. எண்ணெயை வெளியே கொண்டுபோகும் இரண்டு குழாய்களும் செங்கடல் துறைமுகமும் வடக்கே சூடானிடமே நின்றுவிட்டன. அரசுக்கோ எண்ணெயை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேறு வருமானம் கிடையாது.

அந்த எண்ணெயின் குணத்தையும் பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கட்டிப்போகும் அல்லவா? மேல் நைல் பகுதியில் எடுக்கும் 'டார் பிளெண்ட்' என்னும் கச்சா எண்ணெய் மெழுகு மிகுந்தது. நம் உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்திலேயே கட்டிப்போகும். துறைமுகம் வரை சுமார் 1,400 கிலோமீட்டர். வழிநெடுக நிலையங்களில் சூடேற்றி, அழுத்தம் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தாக வேண்டும். சூடானில் போர் மூண்டபின் அந்த நிலையங்களுக்கு டீசல் ஒழுங்காகப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் உள்ளே எண்ணெய் உறைந்து அந்தக் குழாய் உடைந்தது. ஏற்றுமதியின் பெரும்பங்கு ஓராண்டளவுக்கு நின்றுபோனது. தென்சூடான் அரசு ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் காணவில்லை.

தன் மண் வழியே எண்ணெய் போகச் சூடான் கேட்கும் வழிக்கட்டணம் இன்னொரு பாடம். கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் தென்சூடானே உற்பத்தியை நிறுத்தியது. செப்டம்பரில் அடிஸ் அபாபாவில் உடன்பாடு: எந்தக் குழாய் என்பதைப் பொறுத்து பீப்பாய்க்கு 9.10 அல்லது 11 டாலர். அதற்கு மேல், எண்ணெய் வருமானத்தை இழந்த சூடானுக்கு ஈடாகப் பீப்பாய்க்கு 15 டாலர். எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றபோது அது தாங்கியது. 2016 தொடக்கத்தில் விலை 30 டாலரை ஒட்டிச் சரிந்தபோது, கட்டணம் போக மிஞ்சியது கைச்செலவுக்கும் காணாது. சந்தை விலையில் இத்தனை சதவீதம் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பட்ட பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

இறக்குமதி வேறு திசை. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் கென்யா, உகாண்டா கடந்து தென்சூடானின் நிமுலே எல்லைக்கு வருகிறது. அங்கிருந்து தலைநகர் ஜூபா வரை 192 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதற்கப்பால் பெரும்பாலும் கரிசல் மண். மழை பிடித்தால் லாரி அச்சு வரை புதையும். மாதக்கணக்கில் படகும் விமானமும்தான் கதி. போதாததற்கு வழியெங்கும் சோதனைச் சாவடி வசூல்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது, திரும்பும் லாரி. ஏற்ற சரக்கில்லாமல் அது காலியாகப் போகிறது. போகவர இரண்டு வாடகையும் ஜூபா சந்தையில் மாவு வாங்குபவர் தலையில் விழுகிறது. எள்ளும் தேக்கும் கருவேலம் பிசினும் விளைகிற நாடு அது. சேமிப்புக் கிடங்கும், வயலிலிருந்து தார்ச்சாலைக்கு மழையிலும் தாங்கும் சரளைப் பாதையும் அமைத்தால் அந்த லாரி நிறையும். எண்ணெய்ப் பணம் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.